மஞ்சள் தடவாத வேட்டி

எண்பத்து மூன்று இலங்கைக் கலவரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தீ வைக்க ஆட்கள் வந்தபோது மீனம்மாவுக்குப் பதினொரு வயது. தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்து, ஒரு வயதுத் தம்பி ஜெயகாந்தனின் வாயைக் கையால் பொத்தியபடி கிடந்தாள். "நீ மட்டும் அன்னைக்கு அழுதிருந்தா ரெண்டு பேருக்கும் சங்குதான்டா" என்று பின்னாளில் அவனைச் சீண்டுவாள். அவன் படிக்கட்டும் என்று கொழுந்துக் கூடையை அவள்தான் முதலில் தோளில் போட்டாள்.

ஜெயகாந்தன் படித்தான். கினிகத்தேனையில் போன் கடை வைத்தான். மீனம்மா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் வீரய்யா செத்துப்போன பிறகு ஒரே மகன் கிஷாந்தை ஒற்றையாளாக வளர்த்தாள். தம்பி ஞாயிறு தவறாமல் வருவான். வந்தால் போனைத் திறந்து, லயத்தார் பனி நாடு என்று சொல்லும் அந்தத் தேசத்துத் தலைவரின் வீடியோக்களைக் காட்டுவான்.

"எதுத்துப் பேச ஒருத்தன் இருக்கானா பாரு அங்க? அதான்டா ஆட்சி. நமக்கும் இப்படி ஒரு ஆளு வேணும்."

"கடையில பாட்டு சத்தமா போட்டதுக்குப் பொலிஸ்காரன் வந்து திட்டுனப்ப வாயத் தெறந்தீங்களா மாமா? நீங்க அங்க போனா நல்லாத்தான் பொழைப்பீங்க" என்பான் கிஷாந்த். மீனம்மா சிரித்து உருளுவாள்.

அந்தத் தம்பிதான் மருமகனைப் பனி நாட்டுக்கு அனுப்பினான். பட்டாளத்து முகாமில் சமையல் வேலை என்றான். சண்டை நடக்கிற நாடாச்சே என்று மீனம்மா தயங்கினாள். "அடுப்படிக்குக் குண்டு வராதுக்கா, நான் இருக்கேன்ல?" என்றான்.

கிஷாந்திடமிருந்து கடைசியாக வந்த அழைப்பு சின்னது. "சமையலெல்லாம் இல்லம்மா. துப்பாக்கியக் குடுத்துட்டாங்க. எங்கள மாதிரி வெளிநாட்டுக்காரங்களத்தான் முன்னுக்கு நடக்க விடுறாங்க. சுவரெல்லாம் அந்த ஆளு படம்தான். வேணாம்னு சொன்ன பயலக் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல."

அதன் பிறகு சத்தமில்லை. கேட்டபோதெல்லாம் ஜெயகாந்தன் ஒரே பதில்தான் சொன்னான்: "கால்ல காயம், ஆஸ்பத்திரியில இருக்கான். போன வாங்கி வச்சிருக்காங்க." தம்பி சொன்னதை அவள் நம்பினாள். மகன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று டிக்கோயா கோயிலில் நேர்த்தி வைத்தாள்.

நேற்றுக் காலையில் தம்பி வந்தான். ஞாயிறு இல்லை. பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, போன் வந்ததும் வாசலுக்குப் போனான். வழக்கமாகச் சீனி கொண்டுவருகிறவன்தானே என்று, தேநீருக்காக மீனம்மா பைக்குள் கைவிட்டாள்.

புது வெள்ளை வேட்டி. அதன் மேல் சீயக்காய்ப் பொட்டலம், எண்ணெய்ப் போத்தல். நல்ல காரியத்துக்கு வாங்கிய துணி என்றால் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். இதில் இல்லை. இழவு வீட்டுக்குத் தாய்மாமன் எடுத்துவரும் கோடித் துணி அது. வீரய்யாவுக்கு வந்த கோடியை அவள் பார்த்திருக்கிறாள்.

உள்ளே வந்தவன் அவள் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டான்.

"பத்து மணிக்குக் கிராம சேவகர் வந்து சொல்லுவாருக்கா. மாமன்காரன் வெறுங்கையோட நின்னா லயத்துல கேவலமாப் பேசுவாங்கன்னு..."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசமே."

"துப்பாக்கி புடிக்கத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு அனுப்பும்போதே தெரியுமா?"

அவன் சுவரைப் பார்த்தான். "பட்டாளத்துல நின்னா ஆம்பளயா வருவான்னு நெனச்சேன்கா. பெரிய நாடு, கைவிட மாட்டாங்கன்னு..."

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அடுத்த காம்பராக் குடித்தனக்காரி பிரேமினி அழுகுரலெழுப்ப, லயமே கூடிவிட்டது. உடம்பு வராது, கிஷாந்தின் படத்தைத்தான் நடுவீட்டில் வைத்தார்கள். இழவுக்குத் தப்பு மேளம் அடிப்பவர்கள் வாசலில் வந்து காத்திருந்தார்கள். மாமன் கோடி போட்டால்தான் சடங்கு தொடங்கும் என்று ஒரு பெரியவர் ஜெயகாந்தனை அழைத்தார். அவன் வேட்டிக்குக் கை நீட்டினான்.

மீனம்மா கொடுக்கவில்லை. அதைப் பைக்குள் திணித்து அவன் காலடியில் வைத்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணி கொடியில் ஈரமாகக் கிடந்தது. அதை உருவி வந்து மகன் படத்தின் மேல் போர்த்தினாள்.

"இவனுக்கு மாமன் இல்ல. தப்ப அடிங்க" என்றாள்.