பேரையூர் பக்கம் காத்து எப்படி?

அருவி, ரிசார்ட், மலைரயில் தேடுகிறவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். இது பேரையூருக்கு அப்பால், உச்சிவெயிலில் யாரும் கிட்டே போகாத ஒரு கிணற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. போன மாதம் அங்கே போய்வந்தேன். ஆனால் முதல் தடவை போனது எண்பத்து மூன்றாம் வருடம், ஆடி மாதம். அதைச் சொன்னால்தான் இது விளங்கும்.

அப்போது பம்பாயில் கட்டட வடிவமைப்பு வேலை. தைராய்டு புற்றுநோய்க்குக் குடிக்கக் கொடுக்கிற கதிரியக்க மருந்து ஒன்று உண்டு. எட்டு நாளில் வீரியம் பாதியாகிவிடும். சேமித்து வைக்க முடியாது என்பதால் தெற்கத்தி நோயாளிகள் ரயிலேறிப் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தார்கள். தெற்கே ஒரு சின்ன மருந்து ஆலை கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. அந்த மருந்தின் ஆவி கசியக் கூடாது. அதனால் கட்டடத்தில் காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்ளே, மருந்து இருக்கும் அறையை நோக்கியே ஓட வேண்டும். பிறகு கரி வடிகட்டியில் சுத்தமாகி, உயரமான புகைபோக்கி வழியாகப் போக வேண்டும். இடம் முடிவாகுமுன் அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறந்தது மெட்ராஸ், தமிழ் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். அந்தத் தமிழ்தான் என் காலை வாரியது.

காலை ஏழு மணிக்கு மதுரை ஸ்டேஷன் வாசலில் அம்பாசிடர் காத்திருந்தது. டிரைவர் பெயர் ஒச்சப்பன், நாற்பது வயதிருக்கும். திருமங்கலத்தில் இட்லி. பிறகு கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அப்போதைய ரோட்டில் இரண்டரை மணி நேரம், என் முதுகெலும்புக்கு இன்னும் அதிகம். கல்லுப்பட்டி தாண்டியதும் ஒச்சப்பன் வாயைத் திறந்தார்.

“சார், இந்தச் சவாரிய நாந்தான் கேட்டு வாங்குனேன். எம் பொண்டாட்டிக்குக் கழுத்துல அந்தக் கட்டிதான். ஒருக்கா பம்பாய்க்குக் கூட்டிப் போயிட்டு வந்தேன். இன்னொருக்கா அம்புட்டுத் தூரம் தாங்க மாட்டா. மருந்து இங்கிட்டே கெடைச்சா பொழச்சுக்கிருவா.”

இடம் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

பேரையூரிலிருந்து மண்பாதையில் ஆறு கிலோமீட்டர் போனால் அந்த ஊர். விதைப்புக்குக் காத்துக் கிடக்கும் வெற்றுக் கரிசல். மேற்கே மலை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, காரின் கதவைத் திறக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. டீக்கடைக்காரரிடம் வேலையை ஆரம்பித்தேன்.

“அண்ணே, இந்தப் பக்கம் காத்து எப்படி?”

அவர் கிளாசைக் கீழே வைத்தார். “மத்தியானம் மட்டுந்தான். உச்சி உருமத்துல.”

“எங்கேயிருந்து வரும்?”

“பேச்சியம்மா கெணத்துல இருந்து.”

“பலமா அடிக்குமா?”

“போன வருசம் ரெண்டு பேர அடிச்சுச்சு. ஒருத்தன் இன்னும் பேசல.”

சூறாவளி போலிருக்கிறது என்று நான் மும்முரமாகக் குறித்துக்கொண்டேன். ஒச்சப்பன் என் காதருகே குனிந்தார். “சார், அவரு சொல்றது அந்தக் காத்து இல்ல. காத்து கருப்பு. பேய் சார்.”

மீதியை டீக்கடைக்காரர் சொன்னார். பேச்சியம்மாவின் ஒரே மகள் மயிலு. எட்டு வருடம் முன்பு, ஒரு நடுமதியத்தில் தண்ணீர் இறைக்கப் போய்க் கிணற்றில் விழுந்து செத்தவள். நாங்கள் பார்க்க வந்த நிலம் அந்தக் கிணற்றடி நிலம்தான்.

நான் சிரித்துவிட்டு, காற்றின் திசை பார்க்கக் கொண்டுவந்திருந்த புகை டப்பாவை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கிணற்றுக்குப் போனேன். ஊர் ஜனம் வேலமர வரிசையோடு நின்றுவிட்டது. இரண்டு மரம் தாண்டியதும் காற்று நின்றது. பின்னால் வேலங்கிளைகள் பேயாட்டம் ஆடுகின்றன, என் சட்டை அசையவில்லை. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. டப்பாவைப் பற்றவைத்தேன். புகை ஆளுயரம் எழுந்து, தயங்கி, தரைக்கு இறங்கி, என் கால்களைச் சுற்றிக்கொண்டு மெல்லக் கிணற்றை நோக்கிப் போனது. உள்ளே இறங்கியது. டப்பா தீரும்வரை நின்று பார்த்தேன். ஒரு இழைகூட மேலே வரவில்லை.

கிணற்றுக்குள் குளிர்ந்த காற்று இருக்கும், புகை அதில் அமிழும் என்று விளக்கம் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே போன காற்று வெளியே வராத அறை ஒன்றைத்தான் நான் ஆறு மாதமாகப் பேப்பரில் வரைந்துகொண்டிருந்தேன். யாரோ அதை ஏற்கெனவே அங்கே கட்டிவைத்திருந்தார்கள். பயந்தேன். ஓடாமல் நடந்து திரும்பினேன், அவ்வளவுதான் என் வீரம்.

ஊர் மந்தையில் பஞ்சாயத்துத் தலைவர் கட்டடத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்: தடித்த சுவர், ஈயக் கதவு, ஒரு கதவை மூடினால்தான் மறு கதவு திறக்கும், உள்ளே இருக்கிற காத்து ஊருக்குள் வரவே வராது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதத்தான் சார் எட்டு வருசமாத் தேடுறோம். எம்புட்டோ கோடாங்கி பாத்துட்டோம், ஒருத்தனாலயும் அடைக்க முடியல. கட்டுங்க சார்!”

மருந்து ஆலைக்கு இடம் கேட்டுப் போனவனைப் பேய் அடைக்க வந்தவனாக்கிவிட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் ஒச்சப்பன் என் முழங்கையைப் பிடித்தார். “அவுக என்னத்தையாச்சும் நெனச்சுக்கிரட்டும் சார். நெலம் கெடைச்சாப் போதும்.”

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் முக்காடு.

“நெலம் என்னுது. கும்புடுறேன் சாமி, எம் புள்ளைய அடைச்சிராதீக. வெயில்ல அங்கன இங்கன ஒலாத்திக்கிட்டுப் போறா. உள்ள வச்சுப் பூட்டுனா இருட்டுல பயந்துக்கிருவா.”

இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். யாரையும் அடைக்க வரவில்லை. கழுத்துக் கட்டிக்கு மருந்து செய்யப்போகிறோம். அந்த மருந்தின் காற்று ஆளுக்கு ஆகாதது, அதனால்தான் அத்தனை சுவர். தலைவர் எழுந்துவிட்டார். “வெசக்காத்தா? இருக்கிறது பத்தாதுன்னு நீங்க வேற ஒண்ணக் கொண்டாறீகளா?” கூட்டம் பின்வாங்கியது. ஒச்சப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியம்மா அவரைப் பார்த்தார். “ஒனக்கென்னய்யா?”

“எம் பொண்டாட்டிக்குத்தான் ஆத்தா, அந்தக் கட்டி.”

அந்தம்மா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “கட்டிக்கங்க. எட்டு வருசமாத் தனியாக் கெடக்கா. தொணைக்கு இன்னொரு காத்து இருந்துட்டுப் போகட்டும்.”

அந்த ஆலை அங்கே வரவில்லை. கரண்ட் நின்றால் காற்றை இழுக்கும் விசிறி நிற்கும், விசிறி நின்றால் உள்காற்று வெளியே திரும்பும். அந்தப் பக்கம் கரண்ட் வருவதைவிட நிற்பதே அதிகம். அந்த வரைபடப்படியே வேறு ஊரில் கட்டினோம். ஒச்சப்பன் மனைவி ஓரிரவு பஸ் பயணத்தில் அங்கே போய் மருந்து குடித்துவந்தார். பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனார். பேச்சியம்மாவுக்கு மட்டும், இடம் மாறிவிட்டது என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.

போன மாதம் போனபோது டீக்கடையில் வேறு ஆள். பேச்சியம்மா காலமாகி வெகுகாலம் ஆயிற்றாம். வாய் சும்மா இருக்காமல் அதே கேள்வியைக் கேட்டேன்.

“இப்ப ரெண்டு காத்து சார்,” என்றார். “ஒண்ணு மயிலு. இன்னொண்ணு பம்பாய்க்காரர் ஒருத்தர் டப்பாவுல கொண்டாந்து கெணத்துல எறக்கிவிட்டது. நெசமா. ஊரே பாத்துச்சு.”

டீ கிளாசைக் கீழே வைத்தேன். “ஆளை அடிக்குதா?”

“அது வந்த நாள்லருந்து யாரையும் அடிக்கல சார். தொண கெடைச்சிருச்சுல்ல.”

போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து பேரையூருக்கு பஸ் உண்டு, அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். வேலமரத்துக்குள் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், முள். கிணற்றுக்குச் சுவர் கிடையாது, ஓரத்துக்குப் போக வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு நின்றால் காற்று நிற்பதை நீங்களே பார்க்கலாம். அந்த நேரத்தில் உள்ளே இருவர் தாழ்ந்த குரலில் பேசுவது போலக் கேட்கும். நான் கேட்டேன். குளிர்ந்த காற்று கல் இடுக்கில் ஏறி இறங்கும் சத்தம்தான் அது. டப்பாவில் இருந்தது வெறும் புகை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்புவதற்கு முன் மயிலுவிடம் குரல் விட்டுச் சொன்னேன், போயிட்டு வாரேன் என்று.