மாடி வீட்டில் குதித்தவன்

விடுதியில் அவனுக்குக் குச்சி என்று பெயர். புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. தொற்று பரவிப் பல்கலைக்கழகத்தை மூடியதும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். அதன்பிறகு அவன் நடந்ததெல்லாம் கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில்தான்.

வகுப்புகள் லேப்டாப்பில் நடந்தன. வருகை சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துத் தலையணையில் சாய்வான். பகலெல்லாம் தூங்கினால் இரவில் தூக்கம் எப்படி வரும்? தூக்கம் வராவிட்டால் பசிக்கும். ஒருநாள் மைக்கை அணைக்காமலே தூங்கிவிட்டான்.

"யாரோ மிக்ஸி போட்டிருக்கீங்க, கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் பேராசிரியர். அம்மா ஓடிவந்து அவனை உலுக்கி நிறுத்தினாள்.

கேமரா முன் வாய்மொழித் தேர்வு வந்தது. நெடுநாளுக்குப் பிறகு ஜீன்ஸை எடுத்தான். பொத்தான் எட்டவில்லை.

"துவைச்சு துவைச்சு சுருங்கிடுச்சும்மா."

"துணி அப்படியேதான்டா இருக்கு," என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்பாவின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு தேர்வில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான். மறுநாள் காலை ஃபோனில் உடற்பயிற்சி வீடியோ ஒன்றைப் போட்டுக் குதிக்கத் தொடங்கினான். வீடியோ முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. முகக்கவசத்தோடு கீழ் வீட்டு நர்ஸ் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, நைட் டியூட்டி முடிச்சு இப்பதான் படுத்தேன். ஃபேன் கழண்டு தலையில விழுந்துடும் போல இருக்கு."

"சாரிக்கா. வெயிட் போட்டுட்டேன்."

"கீழயே தெரியுது."

அவனுக்குக் கூசியது. ஊரே விழித்திருக்கும் நேரத்தில் தூங்கித் தள்ளியவன், உண்மையிலேயே தூங்க வேண்டிய ஒருவரை எழுப்பிவிட்டான். சாயங்காலம் கீழே போய், எப்போது குதிக்கலாம் என்று கேட்டான்.

"குதிக்கவே வேணாம்," என்றார் நர்ஸ். "பஸ் இல்லாம ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போறேன். ரோட்ல ஆளே இல்ல, நாய்ங்க துரத்துது. துணைக்கு வர்றியா?"

போனான். நர்ஸின் நடை வேகம். முதல் திருப்பத்திலேயே அவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"யாருக்கு யாரு துணைன்னே தெரியலையே," என்று அவர் நின்று காத்திருந்தார். நாய்கள் வந்தபோது மட்டும் அவன் முன்னால் ஓடினான்.

தடுப்புக் கட்டையருகே போலீஸ்காரர் மறித்தார். நர்ஸ் அடையாள அட்டையைக் காட்டினார்.

"இவரு? பேஷன்ட்டா?"

"ஸ்டூடன்ட்டுங்க."

போலீஸ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

தினமும் போனான். திரும்பி வந்தால் கால் கடுக்கும். சாப்பிட்ட கையோடு கண் சொருகும். காலை வகுப்பில் கேமராவைப் போட்டு உட்கார்ந்தான். பேராசிரியருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரை இரண்டு முறை கேட்டார்.

ஒருநாள் நர்ஸ் அவனுக்காக எங்கும் நிற்காமல் நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "நேத்து உன் வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான்பா," என்றார். அவர் உள்ளே போய் மறையும்வரை அவன் அங்கேயே நின்றான்.

எடை கொஞ்சம் குறைந்தது. ஜீன்ஸ் அதற்கு மசியவில்லை, புதிது வாங்கினான். பிறகு பஸ் ஓட ஆரம்பித்தது. தினமும் பக்கத்திலேயே உரசிக்கொண்டு போகும். இருவரும் கை காட்டி நிறுத்தவில்லை. விடுதி திறக்கும்வரை நடந்தே போனார்கள்.