வாளியில் மிதந்த கருங்காலிக் கிழவர்

அப்பா கணக்கு வாத்தியாராகத் தான்சானியாவுக்குப் போன இரண்டாம் வருடம், லீவில் வந்த ஒருவரிடம் ஒரு மரக்கிழவரைக் கொடுத்தனுப்பினார். முழங்கால்மேல் தாடையை வைத்துக் குந்தியிருக்கும் ஆப்பிரிக்கக் கிழவர். ஒரு சாண் உயரம், அட்டைக் கறுப்பு. கூடவே கடிதம்: "அசல் கருங்காலி. தண்ணீரில் போட்டால் முழுகும். மாதம் ஒருமுறை எண்ணெய் தடவவும்."

கிழக்குத் தாம்பரத்து வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். வருகிறவர்கள் குறைவு. யார் வந்தாலும் அம்மா கிழவரை எடுத்துக் காட்டிவிடுவாள்; கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடத் தப்பவில்லை. அவர்கள் போனதும் வீடு பழையபடி வெறிச்சென்று ஆகிவிடும். எங்கள் இரண்டு பேருக்குள் பேச அதிகம் எதுவும் இருக்காது.

அந்தத் தீபாவளியும் அப்பா இல்லாமலேதான் விடிந்தது. எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, பண்டிகைக்கான களையே இல்லாத முகத்தோடு அம்மா அடுப்படிக்குப் போனாள். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குத்தான் எண்ணெய் வைக்க ஆளில்லை, அவர் அனுப்பிய ஆளுக்காவது வைப்போம் என்று புதுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிழவரோடு குளியலறைக்குள் புகுந்தேன். எண்ணெய் தடவச் சொல்லி அப்பாவே எழுதியிருக்கிறார். எண்ணெய் என்றால் அடுத்தது சீயக்காய்தானே?

தேய்க்கத் தேய்க்க நுரை கறுப்பாக வந்தது. பயந்துபோய் வாளித் தண்ணீரில் முக்கினேன். முழுக வேண்டிய கிழவர் மேலே வந்து மல்லாந்து மிதந்தார். அமுக்கினேன், மறுபடி மிதந்தார். மண்டையும் முதுகும் தோலுரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தன. அப்பாவின் பொருளைப் பாழாக்கிவிட்டேன், இனிமேல் அவர் ஊருக்கே வரமாட்டார் என்று ஓவென்று அழுதேன்.

அடி நிச்சயம் என்றிருந்தேன். அம்மா அடிக்கவில்லை. பலகாரம் கொண்டுவந்திருந்த மாமாவிடம் கிழவரை நீட்டினாள். மாமா, அம்மாவின் தம்பி. பெருங்களத்தூர் மரக்கடையில் வேலை. அடிப்பக்கத்தை நகத்தால் கீறி, மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கருங்காலியாவது ஒண்ணாவது. இது ஏதோ வெள்ளக்கட்ட, அக்கா. பூட்ஸ் பாலிஷ் போட்டு மச்சான் தலையில கட்டிக்கீறான் கடக்காரன். கூட யாராவது போயிருந்தா, ஒரு கீறு கீறிப் பாருன்னு சொல்லியிருப்பாங்க."

அம்மா சிரிக்கவில்லை. "தனியாத்தானேடா போயிருப்பாரு கடைக்கு" என்றாள்.

மாமா போனதும், அப்பா விட்டுப்போயிருந்த பாலிஷ் டப்பாவைத் தேடி எடுத்தாள். காய்ந்து வெடித்திருந்த பாலிஷை மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, கிழவருக்குத் தலையிலிருந்து பாதம்வரை கறுப்பேற்றினாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். "அப்பாவுக்கு இதெல்லாம் எழுதாத. முழுகிச்சுன்னு எழுது" என்றாள்.

எனக்குப் பெரிய நிம்மதி. பாழாக்கியது நானில்லை என்று ஆகிவிட்டதே. தனியாகக் கடைக்குப் போனதற்குப் போய் எதற்கு அழுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை. முனைக் கடைக்கு நானும்தான் தினம் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தேன்.