அங்கணம் என்று எழுதிய படம்

ஜெபராணி அக்கா போய்விட்ட செய்தி விடியற்காலை ஐந்தேகாலுக்கு வந்தது. மேலப்பாளையத்தில் அக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மைதீன் பாத்திமாதான் கூப்பிட்டார். "ரீபா, ஒங்க அக்கா தூக்கத்துலயே மவுத்தாயிட்டாங்கம்மா. ஒரு சத்தமும் இல்ல."

மறுநாள் அடக்கம். அக்காவின் ஒரே தம்பி கிருபைராஜ் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அவன் அச்சடித்த அட்டையில், "தம்பியின் அன்பான பராமரிப்பில் வாழ்ந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருந்தது. வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் அட்டையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். அக்கா எப்படி வாழ்ந்தாள் என்று வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் அவளுடைய சித்தி மகள். அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தராக இருந்தாள். பெரியப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. வந்த வரன்களுக்கெல்லாம், "அப்பாவைக் குளிப்பாட்ட மாப்பிள்ளை வருவாரா?" என்று கேட்டு அனுப்பினாள். பெரியப்பாவுக்குப் பிறகு பெரியம்மாவும் படுத்தாள். இரண்டு பேரையும் அனுப்பிவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். வீட்டைப் பெரியப்பா மகன் பேருக்கு எழுதிவைத்திருந்தார். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "வீடு அவன் பேருல இருந்தா என்ன, அடுக்களை எம் பேருலல்லா இருக்கு" என்பாள்.

அந்த அடுக்களை மேடையைப் பெரியம்மாவின் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். பெரியம்மா குள்ளம். அக்காவோ எங்கள் குடும்பத்திலேயே உயரமானவள். முப்பது வருஷம் குனிந்தே சொதி வைத்தாள், குனிந்தே தோசை வார்த்தாள். கோயிலில் பாட்டுக்கு எழுந்திருக்கும்போது முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வாள். அதற்குள் முதல் சரணம் முடிந்துவிடும்.

அவள் ஓய்வு பெற்றதும் கிருபைராஜ் போனில் சொன்னான். "யக்கா, அடுக்களையை இடிச்சு ஒன் உயரத்துக்குக் கட்டித் தாரேன். இங்கன ஒரு டிசைனர் இருக்காரு. நீ அளந்து படம் போட்டு அனுப்பு, போதும்."

அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. சனிக்கிழமை டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"ஏட்டி, பைய இழு. வளையுது."

"நீ முதல்ல நிமிந்து நில்லுக்கா. முழங்கை உயரம் குறிக்கணும்."

"இதுக்கு மேல நிமிந்தா ஒடிஞ்சிருவேன்."

ஆபீஸ் ஸ்கேலை வைத்து, பென்சிலைச் சீவிச் சீவி வரைந்தாள். ஜன்னலில் காலை வெயில் வரும் பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டாள். பாத்திரம் கழுவும் மூலையில் 'அங்கணம்' என்று எழுதினாள்.

"சிங்க்குன்னு எழுதுக்கா. பெங்களூர்க்காரனுக்கு வெளங்காது."

"சிங்க்குன்னா சின்னதா ஒண்ணத் தொங்கவிட்டுட்டுப் போயிருவான். தவலையை அதுக்குள்ள நீ வந்து கழுவுவியா?"

படம் போனது. நாலாம் நாள் தம்பி மறுபடி கூப்பிட்டான். டைல்ஸ் வீடு முழுக்க ஒரே மட்டமாக ஓட வேண்டுமாம். எல்லா அறைகளையும், வெளிச்சுவரையும், மாடிப்படியையும் அளந்து அனுப்பச் சொன்னான்.

"அடுக்களைக்கு மாடிப்படி எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"அவன் எஞ்சினியர்லா. ஒனக்கு என்னட்டி தெரியும்? டேப்பைப் பிடி."

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் அங்கே இருந்தபோது, ஒரு கணவனும் மனைவியும் வந்து கேட்டைத் தட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள். அந்த ஆள் தன் போனை அக்காவிடம் நீட்டினார். கம்ப்யூட்டரில் சுத்தமாகப் போட்ட வீட்டுப் படம். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் தமிழ்.

"எல்லாம் புரிஞ்சுதுங்க. இந்த அங்கணம்னா மட்டும் என்னங்க?"

அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது ஒங்களுக்கு எங்க கெடைச்சுது?"

"ஓனர் அனுப்புனாருங்க. அட்வான்ஸ் குடுத்தாச்சு. நீங்க இங்க குடியிருக்கறவங்களா?"

அக்கா கேட்டைத் திறந்துவிட்டாள். அவர்களை உள்ளே கூட்டிப்போய், "இதுதான் அங்கணம். பாத்திரம் கழுவுத இடம். தண்ணி இந்தப் பக்கமா வாட்டம்" என்று காட்டினாள். குனிந்து டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, வீட்டை வித்துட்டியா?"

"யக்கா, நேர்ல வந்து சொல்லணும்னுதான்..."

"ஒன் வீடு, நீ வித்துக்கோ. என்னை ஏம்லே அளக்க வச்ச?"

அவன் விளக்கம் சொன்னான். போன் சத்தம் எனக்கே கேட்டது. "வேற ஆளை அனுப்புனா நீ சங்கடப்படுவ. அதோட, நீ அளந்தா தப்பு இருக்காதுல்லா."

அக்கா போனை மேடையில் கவிழ்த்து வைத்தாள். உள்ளே அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

பெங்களூருக்கு வரச் சொன்னான், போகவில்லை. மேலப்பாளையத்தில் தானே ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டாள். அவனைத் திட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் கூப்பிட்டால் எடுப்பாள். "சொல்லுங்க" என்பாள். "நல்லா இருக்கேங்க. வச்சிருதேன்" என்பாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் 'லே' போட்டுக் கூப்பிடவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்று எனக்குத் தெரியாது. அடக்கத்தன்று என்னிடம், "அக்கா கடைசி ஒரு வருஷம் எவ்வளவு மரியாதையாப் பேசுனா தெரியுமா?" என்று சொல்லி அழுதான்.

வாடகை வீட்டு மேடையும் தாழ்வுதான். செங்கல் அடுக்கி, மேலே கடப்பாக்கல் போட்டு, அடுப்பை உயர்த்திக்கொள்ள மைதீன் பாத்திமாவிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். "ஒங்க இஷ்டம் போலச் செய்யுங்கக்கா" என்று அவர் சொல்லியிருக்கிறார். நேற்று சாமான்களை எடுக்கப் போனேன். மேடையின் இடது பக்கம் செங்கல் மூன்று வரிசை ஏறியிருந்தது. வலது பக்கம் ஒரு வரிசைதான். கடப்பாக்கல் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது.