முகத்தில் கட்டிய வேட்டி

எங்க வீட்டுக்காரருக்கு ஆள் வைத்து வேலை வாங்குவதென்றாலே ஆகாது. பூதலூர் வீட்டில் கார் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. கூரை போடுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, "அறுவடை முடியட்டும்ங்க, அதுக்கு முன்னால ஆள் இல்ல" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அதற்குள் மகளுக்குப் பிரசவமே ஆகிவிடும். பேரப்பிள்ளை வந்து இறங்குகிற இடம் ஒழுகலாமா? "நாலு போல்ட் கழட்ட ஆளா? நானே மாத்தறேன்" என்றார்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் போனில் எதையெல்லாமோ படித்துவிட்டு, "அப்பா, அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளியவே வராதாம். ஷீட்டை நனைச்சு, உடைக்காம முழுசா இறக்கணுமாம். தெரிஞ்சவங்கதான் செய்யணுமாம்" என்று கெஞ்சினாள்.

"இத்தனை வருஷம் அதுக்குக் கீழதானே நின்னோம், செத்தா போயிட்டோம்?"

ஏறிவிட்டார். முதலில், விழுந்து தொலைக்கப்போகிறாரே என்றுதான் பயந்தேன். ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். போல்டெல்லாம் துருப்பிடித்துக் கிடக்க, ஸ்பேனரை வீசிவிட்டுச் சுத்தியலை எடுத்தார். ஓங்கி ஓர் அடி. வெள்ளையாகத் தூசி கிளம்பி முற்றத்துப் பக்கம் போனது.

"ஐயோ, மனுஷனா நீங்க? உள்ள புள்ளத்தாச்சி இருக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடி ஜன்னலையெல்லாம் சாத்தினேன். கதவு இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தேன். மகள் கட்டிலில் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தால், இவர் பழைய வேட்டி ஒன்றைத் திருட்டுப் பயல் மாதிரி முகத்தில் சுற்றிக்கொண்டு, "பாரு, எவ்வளவு ஜாக்கிரதையா செய்யறேன்" என்கிறார். பாதிக் கூரை இறங்கியதும் கை சளைத்துப்போய், மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று குளிக்கப் போனார்.

அந்த வாரமே வலி கண்டுவிட்டது. வாய்க்கால் ரோட்டில் நெல் அறுக்கும் மெஷின் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்ததில், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

"பழைய வேட்டி இருந்தா குடுங்கம்மா, சுத்தணும்" என்றாள் நர்ஸ். எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது; தாத்தாவின் பழைய வேட்டிதான், அதுதான் மெத்தென்று இருக்கும். அதற்கென்றே துவைத்து ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தேன். மேலே இருந்ததை எடுத்து உதறினேன்.

மடிப்பிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. கரையில் போல்டின் துருக்கறை.

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற மனுஷன் அவர். கூரையிலிருந்து இறங்கி, உதறி, மடித்து, மறுபடி அதே பையில் வைத்திருக்கிறார். மற்ற துணிகளும் அதோடுதான் கிடந்திருக்கின்றன. பையோடு வெளியே தூக்கிக்கொண்டு போனேன்.

"ஒரு பழைய துணிகூடவா இல்ல உங்க வீட்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே நர்ஸ் ஆஸ்பத்திரித் துணியில் குழந்தையைச் சுற்றினாள்.

டாக்டரிடம் கேட்டேன். தூசி போயிருந்தாலும் இப்போது ஒன்றும் தெரியாது, தெரிய எத்தனையோ வருஷம் ஆகும் என்றார். அத்தனை வருஷமும் நான் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா?

கூடவே நின்று கேட்ட இவர் வராந்தாவுக்குப் போய்க் கூரைக்காரர்களுக்குப் போன் போட்டார். "எப்ப முடியுமோ அப்ப வாங்க, இனிமே நான் கை வைக்கமாட்டேன்" என்ற குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மறுநாள் குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்கப்பா, தூக்குங்க" என்றாள் மகள்.

"நான் தொடலாமா?" என்று என்னைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டவரில்லை. பாவமாகிவிட்டது. குழந்தையை நீட்டினேன்.

கை நீட்டியவர் லேசாக இருமினார். நான் வெடுக்கென்று குழந்தையைத் திருப்பி மாரோடு அணைத்துக்கொண்டேன்.