அத்தானுக்கு ஒரு சித்திரக் கல்வெட்டு

ஐம்பது வயது தாண்டிய பிறகு சித்திரக்கதை படிக்கத் தொடங்கியவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. வங்கியில் வேலை பார்த்த காலம் முழுவதும், படம் போட்ட புத்தகம் சின்னப்பிள்ளைகளுக்கானது என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை உடைத்தவள் என் பெறாமகள், அக்காவின் ஒரே பிள்ளை. டப்லெட் கணினியில் படம் வரைந்து சம்பாதிக்கிறவள்.

ஒருநாள் யாழ்ப்பாண நகரில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுவர் நிறையப் பெரிய பெரிய ஓவியங்கள். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. வாசலருகே ஒரு மேசையில், இளம் பிள்ளைகள் சிலர் தாங்களே வரைந்து, போட்டோக்கொப்பி எடுத்து, கம்பிப் பின் அடித்த சின்னப் புத்தகங்களை வைத்திருந்தார்கள். கால் வலிக்கு அங்கே உட்கார்ந்தபோது ஒன்றைப் புரட்டினேன். ஒரு பெண் காணாமற்போன தன் ஆட்டைத் தேடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு பக்கத்தில் வார்த்தையே இல்லை. பனங்காணியும், அதைப் பார்த்து நிற்கும் அவளுடைய முதுகும் மட்டும். அந்த முதுகைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஆட்டுக்காகக் கண்காட்சி வாசலில் மூக்கைச் சிந்திய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பெறாமகளிடம் இருந்ததையெல்லாம் வாங்கிப் படித்தேன். ஜப்பான்காரரின் புத்தகத்தை நாங்கள் கடைசி என்று நினைக்கும் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால், முதல் புத்தகத்தை முடிவிலிருந்து படித்துவிட்டு, கதை சரியில்லை என்று தீர்ப்பும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். திருப்பிப் படித்தேன். அருமையான கதை.

இந்தப் புத்தகங்களில் நான் கண்டுபிடித்தது ஒன்றுதான். பேச்சுக் குமிழுக்குள் பொய் சொல்வது கஷ்டம், இடம் போதாது. மனிதர் உண்மையில் பேசுகிற அளவுதான் அதற்குள் கொள்ளும். இதைக் கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அக்கா மட்டும்தான் பொறுமையாகக் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் அத்தான் போய்ச் சேர்ந்தார். அக்காவின் கணவர். காங்கேசன்துறை வீதியில் மினிபஸ் ஓட்டியவர். கோப்பாயில் வீடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

அக்கா அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். குடித்த தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கினாள். நாளுக்கு நாள் பேச்சும் குறைந்தது. மகள் பயந்துபோய் என்னை அங்கேயே வந்து தங்கச் சொன்னாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. இறந்தவரின் வரலாறு, தேவாரம், அதன் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். அவரவர் பெயரில் அழுகிறவர், அச்சகத்தோடு தொடர்புள்ள யாரோ ஒரு புலவர். சாப்பாடு முடிந்ததும் குடும்பத்தில் ஒருவர் அதைச் சபையில் இராகத்தோடு வாசிப்பார். எங்கள் வீட்டில் அந்த உரிமை அம்மாவின் தம்பிக்கு, எங்கள் மாமாவுக்கு. நல்ல குரல். அவர் வாசிக்கும்போது சனம் பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை கதைக்கும். பிறகு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைக்கும். திறந்து பார்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

பிழை திருத்தித் தரும்படி அச்சகத்திலிருந்து புரூப் வந்தது. மனைவி புலம்பலை மாமா வாசித்துக் காட்டினார். வெங்காயப் பாத்திக்கு இனி யார் தண்ணீர் இறைப்பது என்று அக்கா அந்தப் பாட்டில் கதறிக்கொண்டிருந்தாள். அத்தான் வாழ்நாளில் மண்வெட்டி பிடித்ததில்லை. வேறு ஒருவருக்காக எழுதிய புலம்பலைப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மாமா கொஞ்சம் தடுமாறிவிட்டு, அந்த வரியைத் திருத்தினால் சரி என்றார்.

அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். நாட்கணக்கில் வாய் திறக்காதவள் அப்போதுதான் திறந்தாள்.

"உது ஆரின்ரை அழுகை?" என்று கேட்டாள்.

அக்கா தாளை மடித்து மாமாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு மாமாவில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இரவல் அழுகையா? பெறாமகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றையேதான் நினைத்திருக்கிறோம். கல்வெட்டைச் சித்திரக்கதையாகச் செய்வது என்று அன்றே முடிவெடுத்தோம்.

மாமா குதித்தார். "செத்தவீட்டிலை கார்ட்டூனோ? சனம் காறித் துப்பும்" என்றார். துப்பினால் துடைத்துக்கொள்கிறோம் என்றேன். உண்மையில் அவருக்கு வலித்தது வேறு. படத்தை இராகம் போட்டு வாசிக்க முடியாது. அது எனக்கு விளங்கியது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் புத்தகத்தைக் கையாலும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை மளமளவென்று நடந்தது. பெறாமகள் வரைந்தாள், நான் ஆட்களைப் பிடித்துக் கதை வாங்கினேன். தேவாரத்தை அப்படியே வைத்தோம். புலம்பலுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். கனடாவில் இருக்கும் அத்தானின் தம்பி, கடைசியாகக் கதைத்தபோது கிரிக்கெட்டுக்குச் சண்டை பிடித்துவிட்டு போனை வைத்ததாகச் சொன்னார். அதையே போட்டோம். ஓடிவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அத்தான் பஸ்ஸை நிறுத்திவைத்து, பின்னால் ஹோர்ன் அடிப்பவரைக் கண்ணாடியில் முறைக்கும் படம் ஒரு முழுப் பக்கம். முறைப்பு அச்சொட்டாக அவருடையதுதான்.

கடைசிப் பக்கம் அக்காவுடையது. வேலை முடிந்து வந்த அத்தான் கால் கழுவிவிட்டுக் குசினிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அடுப்படியில் அக்காவின் முதுகு. அத்தானின் குமிழில், அவர் தினமும் கேட்கும் கேள்வி: "தேத்தண்ணி இருக்கோ?" அக்காவின் குமிழை வெறுமையாக விட்டு, அவளிடம் கொடுத்தோம். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அச்சகத்தார் தொலைபேசியில் நெருக்கத் தொடங்கினார்கள். வெறுமையாகவே விட்டுவிடலாமா என்று பெறாமகள் கேட்டாள். நான் சம்மதிக்கவில்லை. அக்காவுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டாள் என்று எனக்குப் பட்டது.

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய காலையில், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவர் கேக்கேக்கை நான் ஏற்கெனவே ஊத்தி வைச்சிருப்பன். பிறகேன் கேக்கிறார் எண்டு எரிச்சல் வரும். கொண்டுபோய் வைச்சிட்டு வந்திடுவன். ஒருநாளும் பதில் சொன்னேல்லை" என்றாள். மிச்சத்தையும் ஆற்றி முடித்துவிட்டு, "ஓம், இருக்கு எண்டு போடு" என்றாள்.

பெறாமகள் அப்படியே எழுதினாள்.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் கிரியைகள் முடிந்து, வீட்டில் மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. பந்தலுக்குள் புத்தகத்தைக் கொடுத்தோம். மாமாவுக்கும் ஒன்று நீட்டினேன். சபைக்கு முன்னால் மறுக்க முடியாமல் வாங்கினார், திறக்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் விரித்தார்கள். முதலில் யாரோ சிரித்தார்கள். அத்தானின் முறைப்பாக இருக்க வேண்டும். பிறகு சத்தம் அடங்கியது. கல்வெட்டு வாசிக்கும் நேரத்தில் எங்கள் சனம் வாய் மூடி இருந்ததை அன்றுதான் கண்டேன். கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கண்ணாடிக்குக் காத்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பெருமைதான், வேறென்ன.

மாமாவுக்கு மட்டும் செய்ய ஒன்றுமில்லை. வாசிக்கும் நேரம் வந்ததும் பழக்கத்தில் தொண்டையைச் செருமினார். வாசிக்க எதுவும் இல்லை. அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, சபைக்கே கேட்கும் அந்தக் குரலில் கேட்டார்:

"தேத்தண்ணி இருக்கோ?"

பந்தலில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. மாமா திகைத்துப்போய், அப்படி என்ன கேட்டுவிட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

குசினி வாசலில் அக்கா நின்றாள்.

"ஓம், இருக்கு" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஒருவரும் தடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் மாமாவின் கக்கத்திலிருந்து புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து அவர் கையில் கொடுத்தார். அன்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றியது நான்தான்.