நூலால் அறுத்த முட்டை

எங்கள் அம்மா வீட்டில் முட்டை விஷயத்தில் ஆளுக்கு ஒரு நாக்கு. திருச்சுழிப் பக்கம், கம்பும் மிளகாயும் போடுகிற சின்ன ஊர். வீட்டுக் கோழி போட்ட முட்டையை அய்யாவுக்கு முருங்கைக்கீரையோடு கிண்டி வைக்க வேண்டும். அண்ணனுக்கு அவித்து மிளகுப்பொடியில் புரட்டினால்தான் இறங்கும். எனக்குக் கரண்டி முட்டை. இரும்புக் குழிக்கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு அடுப்புத் தணலில் காட்டி, தட்டிய சின்ன வெங்காயத்தைப் போட்டு, அதன் தலையில் முட்டையை உடைத்து ஊற்றுவாள் அம்மா. ஓரம் முறுகி, நடு மட்டும் தளதளவென்று இருக்கும்போதே தட்டில் கவிழ்த்துவிடுவாள். அவளுக்குப் பிடித்தது உடைத்து ஊற்றிய குழம்பு. கொதிக்கிற புளிக்குழம்பில் ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு, கரண்டியே போடாமல் மூடிவைத்தால் முட்டை தானாகத் திரண்டு நிற்கும். பொறுமையில்லாமல் கிண்டினால் எல்லாம் கலங்கிக் கெட்டுப்போகும்.

எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனேன்.

அங்கே முதல் ஞாயிற்றுக்கிழமை முட்டைக்குழம்பு. அத்தை, அதாவது என் மாமியார், முட்டைகளை அவித்து உரித்துத் தட்டில் வைத்தார். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு நூலை எடுத்தார். தறி நூல். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையைக் கையில் இழுத்துப் பிடித்து, முட்டையை அதில் வைத்து அழுத்தினார். முட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஒரு துணுக்கு மஞ்சள் கரு சிந்தவில்லை. அந்த வித்தையை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனாருக்கு முழு முட்டை. என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் பாதி பாதி. மிச்சமிருந்த ஒரு முட்டை மாமனாரின் ராத்திரிச் சோற்றுக்கு. ஆம்பளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அத்தையும் நானும் உட்கார்ந்தோம். என் தட்டில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. அதற்கு மேல் எதுவும் விழவில்லை.

"அத்தை, நமக்கு?" என்றேன்.

"நமக்கு என்ன?"

"முட்டை."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொம்பளைக்கு எதுக்குத்தா முட்டை? சத்தெல்லாம் குழம்புலதான எறங்கியிருக்கு. நல்லா ஊத்திச் சாப்பிடு."

எனக்குக் காது அடைத்துவிட்டது. முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு இது கேட்டிருக்கும். அவர் முதுகையே பார்த்தேன். அது திரும்பவில்லை.

முட்டை வருவதோ என் அம்மா வீட்டிலிருந்து. கம்புப் பானைக்குள் புதைத்து, உடையாமல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாள். என் வீட்டுக் கோழி போட்ட முட்டையை என் கண் முன்னாலேயே அறுத்து, எனக்கு மட்டும் இல்லை என்கிறார்கள்! ஆனால் புது மருமகள் சோற்றுக்குச் சண்டை போட்டாள் என்ற பேரை யார் வாங்குவது? பேசாமல் திருட்டு வழியில் இறங்கினேன்.

கம்பைப் பானையிலிருந்து கொட்டுகிற வேலை என்னுடையது. கொட்டும்போதே ஒன்றிரண்டு ஒதுங்கிவிடும். வெள்ளிக்கிழமை அத்தை கோயிலுக்குப் போவார். அவர் தெரு முனை தாண்டியதும் குழிக்கரண்டி அடுப்பில் ஏறும். வெள்ளிக்கிழமை முட்டை தின்றால் சாமி குத்தம் என்பார்கள். எனக்கு வேறு நாள் ஏது? சாமியே பார்த்துப் பொறுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வாசனை தெரியாமல் இருக்க நாலு கடுகைத் தாளித்து விடுவேன். கரண்டியைக் கழுவி மாட்டினால் தடயமே இல்லை. மகள் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் அவளுக்கும் ஒரு வாய் ஊட்டுவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வந்தது. ஒரு நாள் கொல்லையில் தனியாகச் சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்திக்கொண்டே பார்த்தேன். சிரட்டையில் மண் குழம்பு. உருண்டைக் கூழாங்கற்கள்தான் முட்டை. ஒரு நார் முனையைப் பல்லில் கடித்து, கூழாங்கல்லை அதில் வைத்து அழுத்தினாள். அத்தையே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பூவரசு இலைகளை வரிசையாகப் பரப்பி, "இது தாத்தாவுக்கு, இது அப்பாவுக்கு, இது சித்தப்பாவுக்கு" என்று கல்லை வைத்தாள். தள்ளி இரண்டு இலைகள் இருந்தன. அதில் வெறும் மண்ணை ஊற்றினாள்.

"அந்த எலை யாருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு அப்பத்தாவுக்கு. ஒண்ணு எனக்கு."

"முட்டை வைக்கலையே?"

"நாங்க பொம்பளைகதான?"

ஈரச் சேலை கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அது போதாதென்று, அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பாவாடை மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் திணித்தாள். "சீக்கிரம் தின்னும்மா. அப்பத்தா கோயில்லருந்து வாரதுக்குள்ள."

என்னை யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. என் மகளுக்கு முட்டை தின்ன இரண்டு வழிதான் தெரிந்திருக்கிறது. ஒன்று ஆம்பளையாகப் பிறக்க வேண்டும். இல்லையென்றால் ஒளிந்து தின்ன வேண்டும். இவள் நாளைக்கு எந்த வீட்டுக்குப் போய் யாருக்குத் தெரியாமல் எதையெல்லாம் மடியில் ஒளித்துவைக்கப் போகிறாளோ! இனி என் பிள்ளை எல்லார் முன்னாலும் உட்கார்ந்து தின்ன வேண்டும். வருவது வரட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை குளித்துவிட்டு வருவதற்குள் குழம்பைக் கூட்டிக் கொதிக்கவிட்டு, பானையில் இருந்த முட்டைகளை எல்லாம் என் அம்மா மாதிரி அதில் உடைத்து ஊற்றி மூடிவிட்டேன். அத்தை நூலோடு வந்து மூடியைத் திறந்தார். குழம்பில் முட்டைகள் பூப்பூவாகத் திரண்டு நின்றன.

"இதை எப்படி அறுக்கிறது?"

"அறுக்க வேணாம் அத்தை. ஆளுக்கு ஒண்ணு இருக்கு."

ஆம்பளைகளுக்கு முழு முட்டையாகவே வைத்தேன். "நூல் அந்துபோச்சா?" என்று மாமனார் கேட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையைத் தட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவர்கள் எழுந்ததும் மகளைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து, அவள் தட்டில் ஒன்று வைத்தேன். அவள் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்தாள். "தின்னு," என்றேன். அவள் தின்றாள். என் தட்டில் ஒன்று வைத்துக்கொண்டேன். ஒரு வேகத்தில் அத்தையின் தட்டிலும் ஒன்றை வைத்துவிட்டேன்.

தட்டு பறக்கும் என்றுதான் காத்திருந்தேன்.

அத்தை அந்த முட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "சமஞ்ச அன்னைக்குப் பச்சை முட்டையை வாயில ஊத்துனாக. மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்குனேன்," என்றார். "அதோட சரி."

விரலால் மஞ்சள் கருவில் ஒரு துளி கிள்ளி வாயில் வைத்தார். மென்றார். முகத்தில் ஒரு திகைப்பு.

"என்னத்தை?"

"இனிக்கும்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றார்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த நூலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் இந்த மனுசி! நான் மனசுக்குள் வைதுகொண்டே இருந்த அந்த முகத்தை அன்றைக்கு என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அத்தை தன் முட்டையை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தின்று முடித்து, தட்டை வழித்தார்.